ஒருவரோடு மட்டும் செட்டில் செய்யலாமா? கலிஃபோர்னியா விபத்து வழக்கும் ‘குட் ஃபெய்த்’ உத்தரவும்

விபத்து வழக்கில் எதிராளி ஒருவர்தான் என்றால் கணக்கு சுலபம். அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு தொகை சொல்லும், நம் வக்கீல் ஒரு தொகை சொல்வார், நடுவில் எங்கேயோ வந்து முடியும். எதிராளி இரண்டு பேர், மூன்று பேர் என்று ஆகும்போதுதான் தலைவலி. அவர்களில் ஒருவர் மட்டும் ‘என் பங்கைக் கொடுத்துவிட்டு நான் விலகிக்கொள்கிறேன்’ என்று வருவார். கூடவே ஒரு நிபந்தனையும் வரும். இந்த செட்டில்மென்ட் நல்லெண்ணத்தோடு, அதாவது ‘குட் ஃபெய்த்’தாகச் செய்யப்பட்டது என்று நீதிமன்றம் உத்தரவு போட வேண்டும்.

அந்த வரியைப் படித்ததும் பலருக்கு ஒரு நிம்மதி. நீதிபதியே பார்த்து ஒப்புதல் தரப்போகிறார், அப்போது தொகை நியாயமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் வக்கீல் இல்லை. சான் ஹோசே பக்கம் ஒரு சின்ன வக்கீல் அலுவலகத்தில் பல வருடம் கோப்பு கட்டி, தபால் அனுப்பி, பிரமாணப் பத்திரங்களுக்குக் கையெழுத்து வாங்கியவன். இந்த நிம்மதியை அந்த அலுவலக நாற்காலியில் அடிக்கடி பார்த்திருக்கிறேன். அது ஆதாரமில்லாத நிம்மதி. உங்களுக்குக் கிடைக்கும் பணம் போதுமா என்று அந்த நீதிபதி பார்க்கமாட்டார். விலகிப் போகிறவர் கொடுக்கும் தொகை, வழக்கில் மாட்டிக்கொண்டு நிற்கும் மற்ற பிரதிவாதிகளுக்கு அநியாயமாக இருக்கிறதா என்பதைத்தான் பார்ப்பார். உங்கள் நன்மையை நீங்களும் உங்கள் வக்கீலும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏன் இப்படி என்பதற்குக் கொஞ்சம் பழைய கதை வேண்டும். கலிஃபோர்னியாவில் ஒரு காலத்தில், கூட்டாகத் தவறு செய்தவர்களில் ஒருவரை விடுவித்தால் எல்லோரையும் விடுவித்த மாதிரி. அதனால் தனித்தனியாக செட்டில் செய்ய யாரும் துணியவில்லை. 1957-இல் சிவில் நடைமுறைச் சட்டத்தில் 877-ஆவது பிரிவு வந்து இதை மாற்றியது. நல்லெண்ணத்தோடு ஒருவரை விடுவித்தால் மற்றவர்கள் மீதான வழக்கு நிற்கும், அவர் கொடுத்த தொகை மட்டும் கழியும், அவரிடம் மற்றவர்கள் பங்கு கேட்டு வர முடியாது. 1978-இல் அமெரிக்கன் மோட்டார்சைக்கிள் அசோசியேஷன் வழக்கில், பிரதிவாதிகள் தங்களுக்குள் தவறின் விகிதப்படி பங்கு கேட்டுக்கொள்ளலாம் என்று மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்லெண்ணத்தோடு செட்டில் செய்தவருக்கு அதிலிருந்தும் விலக்கு. அப்புறம் 1980-இல், அந்த நல்லெண்ணத்தை வழக்கின் நடுவிலேயே நீதிபதியிடம் கேட்டு முடிவு செய்துகொள்ள 877.6 என்ற நடைமுறை பிறந்தது.

எது நல்லெண்ணம் என்பதற்கான அளவுகோலைத் தந்தது 1985-ஆம் வருடத்து டெக்-பில்ட் தீர்ப்பு. அது விபத்து வழக்கே இல்லை. வீட்டில் ஏற்பட்ட குறைகளுக்காகக் கட்டிய நிறுவனத்தின் மீதும் மண் பொறியாளர்கள் மீதும் போட்ட வழக்கு. பொறியாளர்கள் ஒரு டாலர்கூடக் கொடுக்காமல், ‘எங்கள் வழக்குச் செலவை உங்களிடம் கேட்கமாட்டோம்’ என்ற ஒரே உறுதியோடு வெளியேறப் பார்த்தார்கள். உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. வாதிக்கு மொத்தமாக எவ்வளவு கிடைக்கக்கூடும், அதில் இவருடைய பங்கு தோராயமாக எவ்வளவு, இவரிடம் இன்சூரன்ஸ் எவ்வளவு, சொத்து எவ்வளவு, வாதிகள் பலர் என்றால் பணத்தை எப்படிப் பிரித்தார்கள், மற்றவர்களைக் கவிழ்க்க உள்கூட்டு ஏதாவது உண்டா என்று பார்க்கச் சொன்னது. சமரசமாகப் போகிறவர், விசாரணையில் தோற்றால் கொடுப்பதைவிடக் குறைவாகத்தான் கொடுப்பார் என்பதையும் ஏற்றுக்கொண்டது. சென்ட் கணக்காகப் பொருந்த வேண்டியதில்லை. தீர்ப்பில் வருவது பேஸ்பால் மைதான உவமை. நம் பாஷையில் சொன்னால், பந்து எல்லைக்கோட்டுக்குள் விழுந்தால் போதும்.

இனி ஒரு கற்பனை விபத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் இல்லாமல் இந்த விஷயம் யாருக்கும் புரிந்து நான் பார்த்ததில்லை.

பாதசாரிகள் கடக்கும் இடத்தில் ஒருவர் சாலையைக் கடக்கிறார். கார் அடித்துவிடுகிறது. ஓட்டுநர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் கடக்கும் இடத்தை ஒட்டி ஒரு கட்டுமானக் கம்பெனி லாரியை நிறுத்தி மறைத்திருந்தது. ஜூரி முன்னால் போனால் ஓட்டுநர் மீது 80 சதவீதம், கம்பெனி மீது 20 சதவீதம் தவறு என்று வரும் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவச் செலவும் சம்பள இழப்பும் 4 லட்சம் டாலர். வலி, வேதனை, வாழ்க்கை முடங்கியதற்கு 6 லட்சம். மொத்தம் 10 லட்சம். ஓட்டுநரிடம் இருப்பது சட்டம் கேட்கும் குறைந்தபட்ச பாலிசி, அதாவது 30,000 டாலர். 2025 ஜனவரிக்கு முன்னால் அதுவும் 15,000-தான். வேறு சொத்து இல்லை. கம்பெனியிடம் பெரிய பாலிசி.

இந்த மாநிலத்தில் 1986 ஜூனில் மக்கள் வாக்களித்து வந்த 51-ஆவது முன்மொழிவு என்று ஒன்று உண்டு. அதன்படி, செலவும் சம்பளமும் போன்ற பொருளாதார இழப்பை எந்தப் பிரதிவாதியிடம் வேண்டுமானாலும் முழுசாக வசூலிக்கலாம். வலி வேதனைக்கான இழப்பில் மட்டும் ஒவ்வொருவரும் தன் சதவீதத்தைக் கொடுத்தால் போதும். கீழே வரும் கணக்கு எல்லாமே இந்த ஒரு விதியில்தான் சுற்றுகிறது.

ஓட்டுநரின் இன்சூரன்ஸ் 30,000-ஐயும் அப்படியே நீட்டுகிறது. வாங்கிக்கொள்கிறீர்கள். நீதிபதி குட் ஃபெய்த் என்று சொல்லிவிடுகிறார். 10 லட்சத்தில் 80 சதவீதத் தவறுக்கு 30,000 எப்படி நியாயமாகும் என்று கேட்கலாம். கையில் இல்லாதவரிடம் குறைந்த தொகை வாங்குவதில் தவறில்லை என்று டெக்-பில்ட்டே சொல்லியிருக்கிறது. சரி, கம்பெனியோடு விசாரணை நடந்து தீர்ப்பு 10 லட்சம் என்று வருகிறது. மொத்தத் தீர்ப்பில் பொருளாதார இழப்பு 40 சதவீதம். ஆகவே வாங்கிய 30,000-இல் 40 சதவீதம், 12,000 மட்டும் கழிகிறது. 1992-இல் எஸ்பினோசா வழக்கில் வந்த கணக்கு முறை இது. கம்பெனி கொடுக்க வேண்டியது பொருளாதார இழப்பில் 3,88,000, வலி வேதனையில் 20 சதவீதமாக 1,20,000, ஆக 5,08,000. உங்களுக்கு வந்தது மொத்தம் 5,38,000 டாலர். வலி வேதனையில் ஓட்டுநரின் பங்கான 4,80,000-இல், 30,000-இன் மீதி 18,000 போக மற்றது போனது போனதுதான்.

கம்பெனி பக்கம் நின்று பாருங்கள். 20 சதவீதத் தவறுக்கு 10 லட்சத்தில் பாதிக்கு மேல் அது கட்டுகிறது. ஓட்டுநரிடம் திருப்பிக் கேட்கும் வழியும் அடைபட்டுவிட்டது. அதனால்தான் அது எதிர்க்கும், அதற்காகத்தான் அந்த நீதிபதி அங்கே உட்கார்ந்திருக்கிறார்.

இப்போது இதையே திருப்பிப் போடுவோம். கம்பெனி முதலில் வருகிறது, ‘ஒரு லட்சம் டாலர் தருகிறோம், எங்களை விட்டுவிடுங்கள்’ என்கிறது. ஒரு லட்சம் என்பது ஓட்டுநரின் 30,000-ஐவிடப் பெரிய தொகை. வீட்டு வாடகை நிற்கிறது, ஆஸ்பத்திரி பில் வந்துகொண்டே இருக்கிறது, ஆசை வரும். 20 சதவீதப் பங்கு என்பது 2 லட்சம், சமரசத்தில் அதில் பாதி என்றால் எல்லைக்கோட்டுக்குள் விழுகிறது. நீதிபதி ஒப்புதல் தர வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. எதிர்க்க வேண்டிய ஓட்டுநரோ தன் 30,000 பாலிசிக்கு மேல் எதுவும் போகாது என்று சும்மா இருப்பார். உத்தரவு வந்துவிடும். உங்கள் கையில் ஒரு லட்சம், ஓட்டுநரிடமிருந்து 30,000, ஆக 1,30,000. முதல் வழியில் வந்தது 5,38,000. இரண்டு வழியிலும் நீதிமன்ற முத்திரை ஒன்றேதான்.

ஆக முதல் கேள்வி யாரோடு முதலில் முடிப்பது என்பது. பொருளாதார இழப்பு பெரியதாகவும், ஒரு பிரதிவாதியிடம் மட்டும் பணம் இருப்பதாகவும் இருந்தால், பணம் இருப்பவரைக் கடைசிவரை விடக் கூடாது. அவர் பங்கு 20 சதவீதமோ 10 சதவீதமோ, அதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. வலி வேதனைதான் இழப்பில் முக்கால்வாசி என்றால் கதை வேறு. அங்கே ஒவ்வொருவரின் சதவீதமும் தனித்தனியாக நிற்பதால், பெரிய சதவீதம் யார் தலையில் விழும் என்பதே முக்கியம்.

இதற்கு எதிர்வாதமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஓட்டுநரை விடுவித்துவிட்டால் விசாரணையில் அவருடைய நாற்காலி காலி. கம்பெனியின் வக்கீல் அந்தக் காலி நாற்காலியைக் கைகாட்டி ‘எல்லாத் தவறும் அவர் மீது’ என்று பேசுவார். மறுத்துப் பேச அவர் தரப்பில் யாரும் இருக்கமாட்டார்கள். ஜூரி ஓட்டுநருக்கு 95 சதவீதம் போட்டால், கம்பெனியின் வலி வேதனைப் பங்கு 1,20,000-இலிருந்து 30,000-க்கு இறங்கிவிடும். 3,88,000 அப்படியே நிற்கும் என்பதுதான் ஆறுதல். ஆனால் கம்பெனி மீது பூஜ்யம் என்று ஜூரி சொல்லிவிட்டால் அந்த ஆறுதலும் இல்லை. கையில் 30,000 மட்டும். எனவே கம்பெனியின் தவறுக்கு ஆதாரம் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். லாரி நின்ற இடத்தின் போட்டோ, போலீஸ் அறிக்கையில் ஒரு வரி, அருகில் இருந்த கடையின் கேமரா, இதில் ஒன்றாவது வேண்டும். அது பலவீனம் என்றால் நான் சொன்ன வரிசையே தலைகீழாகும். கம்பெனி நீட்டும் ஒரு லட்சம்கூட நல்ல பேரமாகத் தெரியும்.

இரண்டாவது வழி, இருவரையும் ஒரே நாளில் மீடியேஷனுக்கு உட்கார வைப்பது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் அறை அறையாக நடந்து பேசுவார். எல்லோரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டு, ஒருவர் மீது ஒருவர் போட்ட குறுக்கு வழக்கையும் விட்டுவிட்டால், குட் ஃபெய்த் உத்தரவே தேவையில்லை. பாதுகாக்கப்பட வேண்டியவர் யாரும் வெளியே இல்லையே. மனு இல்லை, காத்திருப்பு இல்லை. விலை என்னவென்றால் தொகையில் தள்ளுபடி. விசாரணையில் 5 லட்சம் வாய்ப்புள்ள வழக்கை மூன்றரைக்கு முடிக்க வேண்டிவரலாம். உடம்பு முடியாதவர்களுக்கும், விசாவில் வந்துவிட்டு ஊர் திரும்ப வேண்டியவர்களுக்கும் இந்தத் தள்ளுபடி வாங்கத் தகுந்தது என்பது என் எண்ணம். வக்கீலின் பங்கும் இதில் சேரும். வழக்குப் போடுவதற்கு முன் முடிந்தால் மூன்றில் ஒரு பங்கு, அதற்குப் பின் 40 சதவீதம் என்பது இங்கே பரவலான ஏற்பாடு. நிபுணர்களுக்குக் கொடுக்கும் கட்டணம் அதற்கு மேலே. விசாரணைக்குப் போனால் எலும்பு டாக்டர் ஒரு நாள் சாட்சி சொல்ல வாங்குவதைப் பார்த்துத்தான் ‘படித்தால் இப்படிப் படித்திருக்க வேண்டும்’ என்று எங்கள் அலுவலகத்தில் பேசிக்கொள்வோம்.

மூன்றாவது, இருவரையும் வைத்துக்கொண்டே விசாரணை வரை போவது. ஓட்டுநரிடம் வீடோ, பெரிய பாலிசியோ இருந்தால் யோசிக்கலாம். நம் உதாரணத்தில் 30,000-ஐ மறுத்துவிட்டு அவரையும் இழுத்துக்கொண்டு போவதால் கிடைப்பது, காகிதத்தில் ஒரு பெரிய தீர்ப்பு. அவர் திவால் மனு போட்டால் அந்தக் காகிதத்துக்குப் பெரிய மதிப்பில்லை. வழக்குப் போட்ட 5 வருடத்துக்குள் விசாரணை தொடங்க வேண்டும் என்பதுதான் சட்டத்தின் வெளி எல்லை, அதற்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

நாலாவதாக ஒரு விசித்திரமான வழியும் உண்டு. ஒரு பிரதிவாதி குறிப்பிட்ட தொகைக்கு உத்தரவாதம் தருவார், மற்றவரிடமிருந்து வாதி எவ்வளவு அதிகம் வசூலிக்கிறாரோ அவ்வளவு இவருடைய தொகை குறையும். 1987-இல் அபட் ஃபோர்டு வழக்கில் இதைப் பார்த்த உச்ச நீதிமன்றம், அடியோடு தடை செய்யவில்லை, ஆனால் டெக்-பில்ட் அளவுகோலில் தேற வேண்டும் என்றது. இந்த ஒப்பந்தத்தை நீதிமன்றத்துக்குச் சொல்லியே ஆக வேண்டும். சாதாரண ஆட்களுக்கு இது வேண்டாத வேலை.

ஓட்டுநரோடு முடிப்பது என்று தீர்மானித்துவிட்டீர்கள் என்றால், அடுத்து உத்தரவை எப்படி வாங்குவது என்ற கேள்வி வரும். இதில் பெரும்பாலோர் தலையிடுவதே இல்லை, ‘வக்கீல் பார்த்துக்கொள்வார்’ என்று விட்டுவிடுகிறார்கள். பணம் கைக்கு வர ஒரு மாதமா, ஆறு மாதமா என்பது பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது.

சுலபமான வழி, அறிவிப்போடு கூடிய விண்ணப்பம். யார் யாரோடு செட்டில் செய்கிறார், எவ்வளவு, என்ன நிபந்தனை, ஏன் இந்தத் தொகை என்று எழுதி, நீதிபதி கையெழுத்துப் போடுவதற்கான உத்தரவின் வரைவையும் சேர்த்து எல்லாத் தரப்புக்கும் சர்ட்டிஃபைடு மெயிலில் ஒப்புகை அட்டையோடு அனுப்ப வேண்டும். தபாலில் போட்டதிலிருந்து 25 நாளுக்குள், நேரில் கொடுத்திருந்தால் 20 நாளுக்குள், எதிர்க்க நினைப்பவர் மனு போட வேண்டும். போடவில்லையென்றால் விசாரணை நாள் எதுவும் இல்லாமலே நீதிபதி கையெழுத்திடலாம்.

‘தபால்தானே’ என்று நினைக்காதீர்கள். ஒரு வழக்கில் ஐந்து தரப்பு. நான்கு ஒப்புகை அட்டைகள் கையெழுத்தோடு திரும்பி வந்துவிட்டன. ஐந்தாவது வரவே இல்லை. அந்த வக்கீல் அலுவலகம் மூன்று மாதம் முன்பே வேறு கட்டடத்துக்குப் போயிருந்தது. முகவரி மாற்ற அறிவிப்பும் எங்கள் கோப்பில்தான் இருந்தது. பழைய முகவரியை உறையில் ஒட்டியது நான். 25 நாள் மறுபடி முதலிலிருந்து. அந்த வாதிக்கு போன் செய்து சொல்லும் வேலையையும் என்னிடமே கொடுத்தார்கள்.

இன்னொரு வழி, நாள் குறித்த முழு மனு. சட்டப்படி மனு விசாரணைக்கு 16 நீதிமன்ற நாட்களுக்கு முன்னால் அறிவிப்புக் கொடுத்தால் போதும், மனுக் கட்டணம் 60 டாலர்தான். ஆனால் நீதிமன்றத்தில் நாள் கிடைக்க வேண்டுமே. லாஸ் ஏஞ்சலஸ் மாதிரி இடங்களில் ஆன்லைனில் நாள் முன்பதிவு செய்ய வேண்டும், மாதக்கணக்கில் தள்ளித்தான் கிடைக்கும். கம்பெனி எப்படியும் எதிர்க்கும் என்று தெரிந்தால் நேராக இந்த வழியில் போவதே மேல். விண்ணப்பம் போட்டு, 25 நாள் காத்திருந்து, கடைசி நாளில் எதிர்ப்பு மனு வந்து, அதற்கு ஒரு நாள் குறித்து என்று அலைவதைவிட இது குறைவு.

விண்ணப்ப வழி அடைபடுகிற ஒரு இடம் இருக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு ‘தொகையை யாரிடமும் சொல்லக் கூடாது’ என்ற ரகசிய நிபந்தனை பிடிக்கும், பழக்கத்தில் சேர்த்துவிடுவார்கள். ரகசிய ஒப்பந்தம் இருந்தால் 25 நாள் வழியைப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. முழு மனுதான். 30,000 டாலர் பாலிசியில் ரகசியம் என்ன இருக்கிறது? அந்த வரியை அடிக்கச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் அடித்துவிடுவார்கள், ஒரு மாதமோ இரண்டு மாதமோ மிச்சம்.

உத்தரவே வேண்டாம், ரிலீஸ் பத்திரத்தில், அதாவது ‘இனி உங்கள் மீது கோரிக்கை இல்லை’ என்று எழுதித் தரும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு செக் வாங்கிக்கொண்டு போகலாம் என்று சொல்பவர்களும் உண்டு. எல்லோரும் ஒன்றாக முடித்துவிட்டால் சரி. யாராவது ஒருவர் வெளியே நின்றால் பத்திரத்தை நன்றாகப் படியுங்கள். அநேகமாக நான்காவது பக்கத்தில், யாரும் படிக்காத சின்ன எழுத்தில், இப்படி ஒரு வரி இருக்கும்: இந்த விபத்து தொடர்பாக வேறு யார் எங்கள் தரப்பு மீது கோரிக்கை வைத்தாலும் வாதியே தன் செலவில் அதை எதிர்கொண்டு ஈடுகட்டுவார். குட் ஃபெய்த் உத்தரவு இல்லாத நிலையில் கம்பெனி ஓட்டுநர் மீது பாய்ந்து பொருளாதார இழப்பில் அவருடைய 80 சதவீதப் பங்கைக் கேட்டால், அது சுமார் 3 லட்சம் டாலர். ஓட்டுநரின் தரப்பு அந்த வரியைக் காட்டி அதை உங்கள் பக்கம் தள்ளும். வலது கையில் வாங்கியதை இடது கையால் திருப்பிக் கொடுக்கும் வேலை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும், விலகிப் போகிறவருக்காகப் போடப்படும் உத்தரவு உங்களையும் காப்பாற்றுகிறது. ஆகவே உத்தரவு வேண்டும் என்று அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்கள் கேளுங்கள். அல்லது அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள். முடிந்தால் இரண்டும்.

பணம் எப்போது வரும் என்பதற்கும் ஒரு கணக்கு. உத்தரவு வந்ததாக எழுத்தில் அறிவிப்புக் கொடுத்த பிறகு, எதிர்ப்பவர் 20 நாளுக்குள் மேல் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். சில இன்சூரன்ஸ் கம்பெனிகள் அந்த 20 நாளும் தாண்டட்டும் என்று செக்கைப் பிடித்துவைத்திருக்கும். ஒப்பந்தத்திலேயே ‘உத்தரவு வந்த இத்தனை நாளில்’ என்று எழுதி வாங்கிவிட்டால் இந்த இழுபறி குறையும். வந்த செக்கில் மெடிகேர், மெடி-கால் என்ற அரசு மருத்துவக் காப்பீடுகளும் ஆஸ்பத்திரியும் திருப்பிக் கேட்கும் தொகை போகத்தான் உங்களுக்கு. பாதிக்கப்பட்டவரின் சொந்தக் கார் பாலிசியில் எதிராளியின் இன்சூரன்ஸ் போதாதபோது ஈடுகட்டும் பாதுகாப்பு இருந்தால், ஓட்டுநரின் பாலிசித் தொகை முழுசாகத் தீர்ந்தது என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். அந்த செக்கின் நகலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

குழந்தைகள் வாதியாக இருக்கும் வழக்கில் நீதிமன்ற ஒப்புதல் என்று சொல்வது வேறு சங்கதி. அங்கே நீதிபதி உண்மையிலேயே குழந்தைக்கு இந்தத் தொகை நல்லதா, வக்கீல் கட்டணம் நியாயமா, பணத்தை எங்கே போடுவது என்று பார்க்கிறார். ஒரே வழக்கில் இரண்டு ஒப்புதலும் தேவைப்படலாம். ஒன்று கிடைத்தால் மற்றதும் கிடைத்ததாக ஆகாது.

நம் உதாரணத்தில் நான் என்றால், கம்பெனி மீது போட்டோ ஆதாரம் இருக்கும் பட்சத்தில், ஓட்டுநரின் 30,000-ஐ ரகசிய நிபந்தனை இல்லாமல் வாங்கி, முழு மனுவாகவே போட்டு உத்தரவு வாங்கிவிட்டு, அந்த உத்தரவோடு கம்பெனியை மீடியேஷனுக்குக் கூப்பிடுவேன். 20 சதவீதத்துக்கு 5,08,000 என்ற கணக்கு அவர்களுக்கும் தெரியும். ஓட்டுநரிடம் திருப்பிக் கேட்கும் கதவு சாத்தப்பட்ட பிறகு அவர்கள் பேசும் தொனியே மாறும். ஆதாரம் இல்லையென்றால் இருவரையும் சேர்த்தே உட்கார வைப்பேன்.

கையெழுத்துப் போடும் முன் ஓட்டுநரிடமிருந்து ஒரு பிரமாணப் பத்திரம் கேட்டு வாங்குவேன். வேறு இன்சூரன்ஸ் எதுவும் இல்லை, சொத்து இவ்வளவுதான், விபத்து நேரத்தில் யாருக்காகவும் வேலையில் இல்லை. இந்த மூன்று வரியில் மூன்றாவதுதான் முக்கியம்.

எங்கள் அலுவலகத்துக் கோப்பு ஒன்றில் அந்த மூன்றாவது வரி இல்லை. ஓட்டுநர் சின்னப் பாலிசிக்காரர், தொகை முழுசாகக் கிடைக்கிறது, மனு போட்டோம். இன்னொரு பிரதிவாதி எதிர்ப்பு மனு போட்டார். சட்டப்படி நல்லெண்ணம் இல்லை என்று நிரூபிக்க வேண்டிய சுமை எதிர்ப்பவர் மீதுதான் என்பதால் நாங்கள் பெரிதாகக் கவலைப்படவில்லை. இங்கே பல நீதிமன்றங்களில், மனு விசாரணைக்கு முந்தைய நாள் மதியம் 3 மணிக்குள் நீதிபதியின் தற்காலிக உத்தரவு இணையத்தில் வந்துவிடும். அன்றைக்கு வந்ததில் ஒப்புதலும் இல்லை, மறுப்பும் இல்லை. ஒரே ஒரு கேள்வி. எதிர்ப்பு மனுவோடு இணைத்திருந்த போலீஸ் போட்டோவில், காரின் பின்சீட்டில் சிவப்பு நிறத்தில் சதுரமாக ஒரு பை தெரிந்தது. சாப்பாடு சூடு ஆறாமல் கொண்டுபோகும் பை. ஓட்டுநர் அப்போது டெலிவரியில் இருந்தாரா?

இருந்தார். ஒரு உணவகத்தின் சம்பளக்காரர். அந்த உணவகத்துக்குத் தனி இன்சூரன்ஸ், ஓட்டுநரின் பாலிசியைப்போல் பல மடங்கு. எங்கள் மேஜையில் தயாராக இருந்த ரிலீஸ் பத்திரத்திலோ ஓட்டுநரோடு சேர்த்து ‘அவருடைய முதலாளிகள்’ என்றும் ஒரு சொல் இருந்தது. மனுவைத் திரும்பப் பெற்றோம். விபத்துக் காயத்துக்கு வழக்குப் போட இங்கே 2 வருடம் கெடு. அது முடிய 5 வாரம் இருந்தபோது உணவகத்தையும் வழக்கில் சேர்த்தோம்.